ரியோ தங்கத்துக்கு முன்னால்: பள்ளிக் குளத்திலிருந்து கல்லூரிக் குளம் வரை ஜோசப் ஸ்கூலிங்



‘விடாமுயற்சி வெற்றி தரும்’, ‘நான் போற்றும் விளையாட்டு வீரர்’ போன்ற தலைப்புகளைக் கொடுத்தால், திருத்த வரும் கட்டுரைகளில் ஜோசப் ஸ்கூலிங் கட்டாயம் இருப்பார். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் இப்படித்தான் போகும்: ‘சிறுவயதில் அவர் மைக்கல் ஃபெல்ப்ஸைச் சந்தித்தார். அவரைப்போல் ஆக வேண்டும் என்று கனவு கண்டார். விடாமல் முயன்றார். ரியோவில் ஃபெல்ப்ஸையே வென்று தங்கம் பெற்றார்.’ நான்கு வாக்கியங்கள், அவ்வளவுதான். 2008-க்கும் 2016-க்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அவை எங்கே போயின?

அந்த எட்டு ஆண்டுகளைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஐந்து ஆண்டு உயர்நிலைப்பள்ளி, அதன் பிறகு கல்லூரி அணி. தங்கம் உருவான இடம் அதுதான் என்பது என் கருத்து. படித்து முடித்த பிறகு நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்களா என்று பாருங்கள்.

1. வீட்டிலிருந்து தொடங்குவோம்

ஜோசப் ஐசக் ஸ்கூலிங் 1995 ஜூன் 16 அன்று சிங்கப்பூரில் பிறந்தார். அப்பா காலின், சிங்கப்பூர் யுரேஷியர். அம்மா மே, மலேசியாவில் பிறந்தவர். டென்னிஸில் பேராக் மாநிலத்துக்காக ஆடியவர். இவர்களுக்கு ஒரே பிள்ளை.

அப்பா வழிச் சொந்தத்தில் ஜோசப்புக்குத் தாத்தா முறையாகும் லாய்ட் வால்பெர்க் என்பவர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் கலந்துகொண்டார். ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் பெயரில் முதன்முதலாகக் களம் இறங்கியவர் அவர்தான். அந்த ஆண்டு நம்ம ஊரிலிருந்து போனவரும் அவர் ஒருவரே. சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டுத்தான் ‘நானும் ஒலிம்பிக் போவேன்’ என்ற ஆசை ஜோசப்புக்கு வந்தது என்று குடும்பத்தார் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்பு அமெரிக்க நீச்சல் அணி சிங்கப்பூரில் பயிற்சி செய்தது. அப்போது 13 வயது ஜோசப், மூக்குக்கண்ணாடியோடு ஃபெல்ப்ஸ் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். 2016-க்குப் பிறகு உலகமே பார்த்த படம் அது.

ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த வாரத்தில் ஃபெல்ப்ஸோடு படம் எடுத்துக்கொண்ட பிள்ளை ஜோசப் ஒருவர்தானா? படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் வீரர் ஆகவில்லை. அதனால் வரலாற்றில் அந்தப் படத்தை ஒரு ‘தூண்டுதல்’ என்று சொல்லலாம்; ‘காரணம்’ என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

2. முன்னால் நடந்தவர்கள்

சிறிய நாட்டுப் பிள்ளை ஒருவர் அமெரிக்கப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ந்து உலகத் தரத்துக்கு உயர்வது ஸ்கூலிங்கோடு தொடங்கிய கதை அல்ல. இரண்டு பேரை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாமவர் நம்ம ஊர் ஆங் பெங் சியோங். அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நீந்தியவர். 1982-இல் 50 மீட்டர் எதேச்சைப் பாணியில் 22.69 விநாடியில் நீந்தினார். அந்த ஆண்டு உலகிலேயே அதிவேக நேரம் அது. அதே ஆண்டு புதுடெல்லி ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர் எதேச்சைப் பாணியில் தங்கம் வென்றார்.

இரண்டாமவர் அந்தோணி நெஸ்டி. தென்னமெரிக்காவில் உள்ள சூரினாம் என்ற சிறிய நாட்டைச் சேர்ந்தவர். புளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரில் உள்ள ‘போல்ஸ்’ பள்ளிக்குப் போய்ப் படித்தார், நீந்தினார். 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 53.00 விநாடியில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த அமெரிக்கர் மேட் பியோண்டியின் நேரம் 53.01. சூரினாமுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். பிறகு நெஸ்டி புளோரிடா பல்கலைக்கழக அணியில் சேர்ந்து கல்லூரிப் பட்டங்களையும் வென்றார்.

சிறிய நாடு, போல்ஸ் பள்ளி, 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி, நாட்டின் முதல் தங்கம், கல்லூரி அணி. ஸ்கூலிங் கதையில் வரப்போகும் எல்லாமே 28 ஆண்டுகளுக்கு முன்பே நெஸ்டியின் கதையில் இருக்கின்றன. ஆகவே 2009-இல் ஸ்கூலிங் குடும்பம் எடுத்த முடிவை ‘கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்கள்’ என்று எழுதாதீர்கள். பாதை இருந்தது. அந்தப் பாதையில் நடக்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

3. பள்ளிக் குளம்: ஜாக்சன்வில், 2009–2014

2009-இல் ஜோசப் ஆங்கிலோ சீனப் பள்ளியிலிருந்து விலகி போல்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வயது 14. நம்ம கணக்கில் உயர்நிலை 2 படிக்கிற பிள்ளை. சிங்கப்பூரிலிருந்து உலகின் மறுபக்கம். ஒரே பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு அப்பாவும் அம்மாவும் மாறி மாறி அங்கே போய் அவரோடு தங்கினார்கள். ஒருவர் அங்கே இருந்தால் மற்றவர் இங்கே தொழிலைப் பார்த்துக்கொள்வார். பள்ளிக் கட்டணம், பயணம், பயிற்சி எல்லாம் சேர்த்துப் பல ஆண்டுகளில் ஆன செலவு 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டியதாகச் செய்திகள் குறிப்பிட்டன. எல்லாக் குடும்பத்தாலும் முடிகிற காரியமா இது? இல்லை. அதையும் நாம் மறைக்காமல் எழுத வேண்டும். விடாமுயற்சி மட்டும் போதும் என்று எழுதினால், வசதி இல்லாத பிள்ளைகள் முயலவே இல்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

போல்ஸ் பள்ளியின் பயிற்றுவிப்பாளர் செர்ஜியோ லோபஸ், ஸ்பெயின் நாட்டுக்காரர். 1988 சோல் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம் வென்றவர். ஜோசப்பை 14 வயதிலிருந்து வளர்த்தவர் அவர்தான். பின்னாளில் அவரே சிங்கப்பூர் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இங்கே வந்தார்.

அந்தப் பள்ளியில் ஸ்கூலிங்குக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் குளமோ கருவிகளோ இல்லை. பக்கத்துத் தடத்தில் நீந்திய பிள்ளைகள்தான். சிங்கப்பூரில் அவர் வயதில் அவரை நெருங்க ஆளில்லை. அங்கேயோ ரயன் மர்ஃபி, சாண்டோ கொண்டோரெல்லி போன்றவர்கள் பள்ளித் தோழர்கள். 2012-இல் இவர்கள் இடம்பெற்ற போல்ஸ் அணி, நால்வர் கலப்புத் தொடர் நீச்சலில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளிச் சாதனையை முறியடித்தது.

நான்கு ஆண்டு கழித்து ரியோவில் இவர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? மர்ஃபி 100, 200 மீட்டர் மல்லாந்த நீச்சலில் இரண்டு தங்கம். கொண்டோரெல்லி கனடாவுக்காக 100 மீட்டர் எதேச்சைப் பாணி இறுதிச்சுற்றில் நான்காம் இடம். ஸ்கூலிங் தங்கம். ஒரே பள்ளித் தொடர் அணியில் நீந்திய மூவர்! அதே ஊரில் அதே நீச்சல் மன்றத்தில் பயிற்சி செய்த இன்னொரு பையன் கேலப் டிரெசல். அவர் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

இந்த ஐந்து ஆண்டுகளில் பலன் தெரியத் தொடங்கியது. 2011 தென்கிழக்காசிய விளையாட்டுகளில், 16 வயதில், 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் தங்கம் வென்று லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

4. லண்டன் 2012: தோல்வியும் பாடம்தான்

17 வயதில் முதல் ஒலிம்பிக். அவருடைய முக்கியப் போட்டி 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி. தண்ணீரில் இறங்கச் சிறிது நேரமே இருக்கும்போது, அவருடைய நீச்சல் தொப்பியும் கண்ணாடியும் அங்கீகரிக்கப்பட்டவை அல்ல என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவசரமாக வேறு தொப்பி, வேறு கண்ணாடி தேட வேண்டியதாயிற்று. மனம் கலைந்துபோனது. தகுதிச்சுற்றோடு வெளியேறினார்.

மாணவர்களே, தேர்வு மண்டபத்தில் கடைசி நிமிடத்தில் பேனா எழுதாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும் அந்தப் பையனுக்கு. அதுவும் உலகத்தின் முன்னிலையில். பெரும்பாலான கட்டுரைகளில் லண்டன் ஒலிம்பிக் வருவதே இல்லை. வந்தால்தான் 2016-க்கு எடை கூடும்.

5. தேசிய சேவை என்ற கேள்வி

சிங்கப்பூர் ஆண் பிள்ளைகளுக்கு இது தெரிந்த விஷயம்: 18 வயது ஆனதும் தேசிய சேவை. நீச்சல் வீரருக்கு அது சரியாக உச்சத்தை நோக்கி ஏறுகிற வயது. 2013-இல் ஸ்கூலிங்குக்கு 18 வயது ஆனது. பெற்றோர் தள்ளிவைப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள். ரியோ ஒலிம்பிக்குக்குத் தயாராவதற்காக 2016 ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைக்கத் தற்காப்பு அமைச்சு 2013 அக்டோபரில் அனுமதி கொடுத்தது.

அது எளிதான முடிவு இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்பதில்தான் தேசிய சேவையின் மதிப்பே இருக்கிறது. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா? மறுபக்கம், இரண்டு ஆண்டு தண்ணீரை விட்டு விலகியிருந்தால் ரியோ இல்லை. வகுப்பில் விவாதம் நடத்த அருமையான தலைப்பு இது. இரண்டு தரப்புக்கும் வலுவான வாதம் இருக்கிறது. மாணவர்களைத் தங்களுக்குப் பிடிக்காத தரப்பில் பேச வைத்துப் பாருங்கள்.

இந்த அனுமதி வந்ததால்தான் அடுத்த கட்டம், அதாவது கல்லூரி, சாத்தியமானது.

6. கல்லூரிக் குளம்: ஆஸ்டின், 2014 முதல்

இங்கே ஒரு கணக்கு. 2014 ஜூலை, கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகள். போல்ஸ் பள்ளியை முடித்த கையோடு 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 51.69 விநாடியில் வெள்ளி. காமன்வெல்த் நீச்சலில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கம். இரண்டு மாதத்தில் இன்சியோன் ஆசிய விளையாட்டுகளில் அதே போட்டியில் தங்கம். 1982-இல் ஆங் பெங் சியோங் வென்ற பிறகு, 32 ஆண்டு கழித்து ஆசிய விளையாட்டு நீச்சலில் சிங்கப்பூர் ஆண் ஒருவர் வென்ற தங்கம் அது.

ரியோவில் அவர் நேரம் 50.39. கழித்துப் பாருங்கள்: 1.30 விநாடி. சின்ன எண் மாதிரித் தெரிகிறதா? அந்த வேகத்தில் அது ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 2014-இன் ஸ்கூலிங்கும் 2016-இன் ஸ்கூலிங்கும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நீந்தியிருந்தால், இளையவர் ஓர் ஆள் நீளத்துக்கும் மேல் பின்தங்கியிருப்பார். ரியோவில் வெள்ளியின் நேரம் 51.14. ஆக, 51.69 விநாடிக்கு அங்கே பதக்கமே இல்லை.

அந்த 1.30 விநாடி எங்கே குறைந்தது? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில். அதன் ஆடவர் நீச்சல் அணியை 1978-இலிருந்து நடத்தி வந்தவர் எடி ரீஸ். ஸ்கூலிங் சேரும் முன்பே அவரது அணி 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றிருந்தது.

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் நமக்குப் பழக்கம் இல்லாத ஒன்று. அதனால் மூன்று விஷயங்களைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

முதலாவது, குளத்தின் நீளம். ஒலிம்பிக் குளம் 50 மீட்டர். கல்லூரிப் போட்டி நடக்கும் குளம் 25 கஜம், அதாவது 22.86 மீட்டர். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீந்தும்போது ஒரே ஒரு முறைதான் சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கல்லூரியில் 100 கஜத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறை சுவரை உதைத்துக் கிளம்பும்போதும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே டால்ஃபின் போலக் கால் அடித்துப் போகலாம். தொடக்கத்தையும் சேர்த்தால் நான்கு முறை, 60 மீட்டர் வரை. மொத்தத் தூரமோ 91.44 மீட்டர்தான். ஆகவே கல்லூரி நீச்சலில் தண்ணீருக்கு அடியில் வலிமை இல்லாதவர் வெல்லவே முடியாது. கை வீச்சு மட்டும் போதாது. திரும்புதலும் கால் உதையும் கூர்மையாக வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பாணிக்காரருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, புள்ளிகள். நாம் நீச்சலைத் தனிநபர் விளையாட்டு என்று நினைக்கிறோம். கல்லூரித் தேசியப் போட்டியில் அது அணி விளையாட்டு. முதலாவது வருபவர் அணிக்கு 20 புள்ளி, இரண்டாவது 17, மூன்றாவது 16, இப்படியே இறங்கி எட்டாவது 11. ஒன்பதாவது இடம் 9 புள்ளி. பதினாறாவது இடத்துக்கும் 1 புள்ளி உண்டு. ஒருவர் 17-ஆவதாக வந்தால் அவர் மட்டும் தோற்கவில்லை. அணி புள்ளியை இழக்கிறது. எனவே பயிற்சியில் ஒருவர் சோம்பினால் பக்கத்தில் இருப்பவர் சும்மா விடமாட்டார்.

மூன்றாவது, பணம். அப்போதைய விதிப்படி ஓர் ஆடவர் நீச்சல் அணிக்கு மொத்தம் 9.9 முழு உபகாரச் சம்பளங்களுக்கு ஈடான தொகைதான். அதைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மாணவர் படிக்கவும் வேண்டும். பாடத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லை என்றால் போட்டியில் இறங்க முடியாது. ‘படிப்பா விளையாட்டா’ என்று நாம் கேட்கிறோம். அங்கே இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஆனால் 19 வயதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட வேண்டிய கட்டாயம் அங்கே குறைவு.

இனி ஸ்கூலிங் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

முதலாண்டு மாணவராக 2015 மார்ச்சில், அயோவா சிட்டியில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியில் 100 கஜ வண்ணத்துப்பூச்சிப் பாணியில் 44.51 விநாடியிலும், 200 கஜத்தில் 1 நிமிடம் 39.62 விநாடியிலும் வென்றார். அந்த 100 கஜ இறுதிச்சுற்றில் இன்னொரு வியப்பு: நீந்திய எட்டுப் பேரில் ஆறு பேர் டெக்சஸ் அணிக்காரர்கள்! நாட்டின் மிக வேகமான எட்டுப் பேரில் ஆறு பேர் தினமும் காலையில் உங்களோடு ஒரே குளத்தில் இறங்குகிறார்கள் என்றால், ஒரு நாளாவது அசந்து நீந்த முடியுமா?

இரண்டாமாண்டு, 2016 மார்ச், அட்லாண்டா. மீண்டும் இரண்டு பட்டங்கள். 100 கஜத்தில் 44.01. 200 கஜத்தில் 1 நிமிடம் 37.97 விநாடி; இரண்டாவது வந்தவர் சொந்த அணித் தோழர் ஜேக் கோங்கர், 1 நிமிடம் 38.06. இடைவெளி 0.09 விநாடி. ஸ்கூலிங்கை அதிகம் விரட்டியவர் எதிரணிக்காரர் அல்ல, கூடவே பயிற்சி செய்த தோழர்தான். அந்தக் கோங்கரும் அதே ஆண்டு ரியோவிலிருந்து அமெரிக்கத் தொடர் அணியில் தங்கத்தோடு திரும்பினார்.

இந்த இரண்டு போட்டிகளுக்கு நடுவில், 2015 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஒன்பது போட்டியில் ஒன்பது தங்கம். ஆகஸ்டில் கசான் உலக வெற்றியாளர் போட்டியில் 50.96 விநாடியில் வெண்கலம். 51 விநாடிக்குள் நீந்திய முதல் ஆசியர் ஆனார். அப்போதே ரியோவுக்கான மணி அடித்துவிட்டது. நம்மில் பலர் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

7. ரியோ: 50.39

2016 ஆகஸ்ட் 12, ரியோ நேரப்படி இரவு. சிங்கப்பூரில் 13-ஆம் தேதி சனிக்கிழமை காலை. தகுதிச்சுற்றில் 51.41. அரையிறுதியில் 50.83. இறுதியில் 50.39. 2008-இல் ஃபெல்ப்ஸ் வைத்திருந்த ஒலிம்பிக் சாதனையான 50.58-ஐ முறியடித்த நேரம்.

அவருக்குப் பின்னால் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் சாட் லே குளோஸ், ஹங்கேரியின் லாஸ்லோ சேக் மூவரும் ஒரே நேரத்தில், 51.14 விநாடியில் தொட்டார்கள். மூவருக்கும் வெள்ளி; வெண்கலம் யாருக்கும் இல்லை. ஸ்கூலிங்கின் முன்னிலை 0.75 விநாடி, தண்ணீரில் ஒன்றரை மீட்டர் அளவு. ஒலிம்பிக்கில் ஃபெல்ப்ஸ் நீந்திய கடைசித் தனிநபர் போட்டியும் அதுவே.

சிங்கப்பூருக்கு 1960 ரோமில் டான் ஹாவ் லியாங் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கித் தந்தார். 2008, 2012-இல் மேசைப்பந்தில் பதக்கங்கள் கிடைத்தன. தங்கம் இதுதான் முதல்.

ஒலிம்பிக் தங்கத்துக்குச் சிங்கப்பூரில் 1 மில்லியன் வெள்ளி ஊக்கப் பரிசு உண்டு. கல்லூரி வீரர் பணம் வாங்கினால் தகுதி போய்விடும் என்பது அக்கால அமெரிக்க விதி. ஆனால் தம் நாட்டு ஒலிம்பிக் மன்றம் தரும் பரிசை வெளிநாட்டு மாணவர்கள் பெறலாம் என்று 2015-இல் விதி மாறியிருந்தது. அதனால் அவர் பரிசையும் பெற்றார், கல்லூரி அணியிலும் தொடர்ந்தார்.

8. அதற்குப் பிறகு

கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை.

2017 மார்ச், இண்டியானாபோலிஸ். ஒலிம்பிக் வெற்றியாளராகக் கல்லூரிப் போட்டிக்கு வந்த ஸ்கூலிங், 100 கஜத்தில் 43.75 விநாடியில் நீந்தினார். தமது முந்தைய இரண்டு வெற்றிகளையும்விட வேகமான நேரம். ஆனால் இரண்டாம் இடம். முதலிடம் 43.58. யார்? ஜாக்சன்வில்லில் கூடப் பயிற்சி செய்த அதே டிரெசல், இப்போது புளோரிடா பல்கலைக்கழக அணியில். 200 கஜத்திலோ ஸ்கூலிங் இறுதிச்சுற்றுக்கே போகவில்லை, கோங்கர் வென்றார். இருந்தும் டெக்சஸ் பட்டம் வென்றது. ஸ்கூலிங் இருந்த 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. ஒருவர் சறுக்கிய நாளில் அணி தாங்கிக்கொண்டது.

2017 உலக வெற்றியாளர் போட்டியில் வெண்கலம், 2018 ஆசிய விளையாட்டுகளில் இரண்டு தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றிலேயே வெளியேறினார். 2021 நவம்பரில் அப்பா காலின் காலமானார். 2022 தொடக்கத்தில் தேசிய சேவையில் சேர்ந்தார். அதே ஆண்டு, வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டதை ஒப்புக்கொண்டு பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2024 ஏப்ரலில் ஓய்வு பெற்றார்.

‘இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதலாம். தலைப்புக்குத் தேவைப்பட்டால், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் ஒரு வரியில் எழுதலாம். தவறே செய்யாதவர்தான் முன்மாதிரி என்றால் நமக்கு முன்மாதிரியே கிடைக்க மாட்டார்.

9. ஆசிரியராக ஒரு சொந்த விஷயம்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் உயர்நிலை 3 வகுப்பில் ஒரு பையன் இருந்தான். விடியற்காலை நீச்சல் பயிற்சி முடித்துவிட்டு ஈரத் தலையோடு வருவான். முதல் பாடவேளையில் கண் சொக்கும். பெற்றோர் சந்திப்பில் அவன் அம்மா, ‘என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டார். நான் யோசிக்காமல், ‘தேர்வு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே அவன் பயிற்சியை விட்டுவிட்டான். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றான். குளத்துக்குத் திரும்பவில்லை.

அவன் ஸ்கூலிங் ஆகியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ‘அப்புறம்’ என்ற ஒன்று நீச்சலில் கிடையாது என்பது அன்று எனக்குத் தெரியாது. 14-இலிருந்து 19 வரைதான் அடித்தளம் போடும் காலம் என்பது இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்தது. இன்று அந்த அம்மா கேட்டிருந்தால், பயிற்றுவிப்பாளரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்றாவது சொல்லியிருப்பேன். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைத் திட்டும் முன்பு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

10. தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, ஒரு வெற்றியை விளக்கும்போது காரணங்களை மூன்றாகப் பிரியுங்கள்.

*தூண்டுதல்:* வால்பெர்க்கின் கதை, ஃபெல்ப்ஸோடு எடுத்த படம்.

*நீண்டகாலக் காரணங்கள்:* பெற்றோரின் தியாகமும் வசதியும். போல்ஸ் பள்ளியில் ஐந்து ஆண்டு. லோபஸ், ரீஸ் என்ற இரண்டு பயிற்றுவிப்பாளர்கள். அன்றாடம் போட்டி கொடுத்த தோழர்கள். தேசிய சேவைத் தள்ளிவைப்பு.

*உடனடிக் காரணங்கள்:* 2015, 2016 கல்லூரிப் பட்டங்கள் கொடுத்த வேகமும் தன்னம்பிக்கையும், கசான் வெண்கலம்.

இப்படிப் பிரித்து எழுதினால் ‘விடாமுயற்சி’ என்ற சொல்லுக்கு உடம்பு கிடைக்கும். திருத்துபவருக்கும், ‘இந்தப் பிள்ளை யோசித்து எழுதியிருக்கிறது’ என்று தெரியும்.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. நெஸ்டி, ஸ்கூலிங் இருவரின் பாதைகளில் உள்ள ஒற்றுமைகள் மூன்றைக் கூறுக.
2. ‘சொந்த அணித் தோழரே சிறந்த போட்டியாளர்.’ கட்டுரையிலிருந்து சான்று காட்டி விளக்குக.
3. விளையாட்டு வீரர்களுக்குத் தேசிய சேவையைத் தள்ளிவைப்பது நியாயமா? இரு தரப்பிலிருந்தும் வாதிடுக.
4. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே வாய்ப்புக் கிடைக்க, பள்ளியும் சமூகமும் என்ன செய்யலாம்?

சொற்பொருள்

எதேச்சைப் பாணி – வீரர் தம் விருப்பப்படி எந்த முறையிலும் நீந்தும் போட்டி
மல்லாந்த நீச்சல் – முதுகு தண்ணீரில் படும்படி நீந்துவது
தொடர் நீச்சல் – நால்வர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் அணிப் போட்டி
கஜம் – 0.9144 மீட்டர்
உபகாரச் சம்பளம் – படிப்புக்காக வழங்கப்படும் உதவித்தொகை

நான்காவது வினாவுக்கு உங்கள் மாணவர்கள் எழுதும் பதில்களைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். எனக்கும் அந்தக் கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று படிக்க ஆவலாக இருக்கிறேன்.